அடுப்பு வந்தது; அடுத்து வாங்குவது யாது?

கடல் கடந்து வந்து குடியமர்ந்த குடும்பம் ஒரு புதிய பொருளை வாங்கும்போது, தாய்நிலத்தில் வாழ்வோரினும் இருமடங்கு சிந்திக்க வேண்டியுள்ளது. அபர்டீன் பஜாரில் கிடைக்காத பொருள், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல்வழி கடந்து, மூன்று நாள் அளவில் கப்பலில் கிடந்து, ஹாடோ துறையில் இறங்கிய பின்னரே நம் கைக்கு வருகிறது. பொருந்தாததை வாங்கிவிட்டால் திருப்பி அனுப்புவதும் எளிதன்று. விலையோடு ஏற்றுகூலியும் இறக்குகூலியும் சேர்ந்தே வீணாகும்.

அத்தகைய சிந்தனைக்குரிய பொருள்களுள் ஒன்று, முட்டை வடிவில் கனத்த சுவரும் மேல்மூடியும் கொண்டு அமைந்த பீங்கான் கரியடுப்பு. கடைக்காரர் இதனைச் செராமிக் கிரில் என்பர். கமாடோ என்பாரும் உளர். இதனை வாங்கியவுடன், 'இதற்கு வேண்டிய துணைக்கருவிகள் யாவை?' என்ற வினா எழுகிறது. விற்பனைப் பட்டியலைப் பார்த்தாலோ, அடுப்பின் விலைக்கு இணையான தொகையை அதன் அணிகலன்களுக்கே செலவிட வேண்டும் என்று தோன்றும். உண்மை அதுவன்று. தீயை ஆளும் கருவி முதலில். சமையலை அழகுபடுத்தும் கருவி பின்னர். இந்த ஒரு விதியைக் கைக்கொண்டால் பணமும் மிஞ்சும். வீட்டிற்குத் தீங்கும் நேராது.

பழைய உறவு

கரித்தீயில் சமைப்பது தமிழர்க்குப் புதிதன்று. எரிவாயு வருமுன் நம் வீடுகளில் கும்மட்டி அடுப்பு இருந்தது. அதனுடன் ஒரு விசிறியும், ஓர் இடுக்கியும், சாம்பல் அள்ள ஒரு தகரமும் இருந்தன. நம் பாட்டிமார் அதற்குமேல் ஒன்றும் கேட்டாரல்லர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், கரிகாற் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையில், இரும்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட இறைச்சியை வந்த கலைஞர்க்கு அரசன் வழங்கி மகிழ்ந்த செய்தி வருகிறது.

புதிய அடுப்பின் முன்னோர் ஜப்பானியர் சோறாக்கப் பயன்படுத்திய மூடியுள்ள மண்ணடுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர் அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். 1974-ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் தொடங்கிய பிக் கிரீன் எக் நிறுவனம் அதற்குப் புகழ் தேடித் தந்தது. ஆகவே பெயர் புதிதாயினும், இஃது ஆசிய மண்ணடுப்பின் வழிவந்ததே.

அடுப்பின் இயல்பு

கும்மட்டியில் வெப்பம் நாற்புறமும் சிதறும். பீங்கான் அடுப்பிலோ கனத்த சுவர் வெப்பத்தை உள்வாங்கித் தேக்கி வைக்கும். கீழே காற்று புகும் வாயில் ஒன்றும், மேலே புகை வெளியேறும் வாயில் ஒன்றும் உண்டு. அவற்றைத் திறந்தால் தீ வளரும், குறுக்கினால் தணியும், இரண்டையும் முற்றாக மூடினால் கரி அவிந்து மிச்சப்படும். அம்மிச்சம் அடுத்த சமையலுக்கு உதவும்.

ஒரு பண்பை மட்டும் மறத்தலாகாது. இவ்வடுப்பில் வெப்பத்தை ஏற்றுவது எளிது, இறக்குவது அரிது. சுவர் சூடேறிவிட்டால் அது தணிய நெடுநேரமாகும். எனவே வேண்டிய அளவை எட்டுவதற்குச் சற்று முன்னரே வாயில்களைக் குறுக்கிவிட வேண்டும். இதனை உணர்ந்தோர்க்கு, எந்தக் கருவி முதலில் வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

முதலில் வேண்டுவன

ஒன்று, முழங்கை வரை நீண்ட வெப்பத்தடைக் கையுறையும் நீண்ட இடுக்கியும். வாயில்கள் குறுகியிருக்கும்போது உள்ளே காற்றுக் குறைவாக இருக்கும். அந்நிலையில் மூடியைத் திடீரெனத் திறந்தால் புதுக்காற்று பாய்ந்து தீப்பிழம்பு முகத்தை நோக்கி எழும். ஆதலின் முதலில் இரண்டங்குலம் மட்டும் உயர்த்திச் சில நொடி நிறுத்தி, பின்னரே முழுதும் திறக்க வேண்டும். கையுறையின்றி மூடியைத் தொடலாகாது. ஈரமான கையுறையும் ஆகாது. ஈரம் வெப்பத்தை விரைந்து கைக்குக் கடத்தும்.

இரண்டு, வெப்பமானி. மூடியிற் பதித்திருக்கும் வெப்பமானி உட்காற்றின் சூட்டைக் காட்டுமேயன்றி, மீனோ கோழியோ உள்ளே வெந்ததா என்பதைக் காட்டாது. ஆதலின் உணவிற் குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானி ஒன்று தனியே வேண்டும். கோழியின் கனத்த பகுதியில் 74 பாகை செல்சியசும், மீனில் 63 பாகையும் காட்டினால் அச்சமின்றி உண்ணலாம். வாங்கிய வெப்பமானி சரியானதா என்று ஐயுறுவோர் அதனைக் கொதிநீரில் வைத்துப் பார்க்கலாம். கடல்மட்டத்தையொட்டிய நம் ஊரில் அது 100 பாகை காட்ட வேண்டும்.

மூன்று, சாம்பல் வாரியும் மூடியுள்ள இரும்பு வாளியும். விலையிற் சிறியவை இவையே. ஆயினும் பலர் மறப்பவையும் இவையே. கீழ்வாயிலில் சாம்பல் அடைத்தால் காற்றுப் புகாது, தீ பற்றாது, அடுப்பைத்தான் குறை கூறுவோம். சாம்பலில் மறைந்த கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கக் கூடும். அதனைக் காகிதப் பையிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ கொட்டுதல் பெருந்தவறு. மரச்சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்களில் ஒரு கங்கு செய்யும் கேட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நான்கு, இடைக்கல். கரிக்கும் கம்பித்தட்டுக்கும் நடுவே வைக்கும் இப்பீங்கான் வட்டு, நேர்த்தீயை மறைத்து, அடுப்பையே வெதுப்பியாக மாற்றிவிடும். முழுக்கோழியை வாட்டுவதற்கும், ரொட்டி சுடுவதற்கும், 110 முதல் 135 பாகை வரையிலான மெல்லிய சூட்டில் இறைச்சியைப் பல மணி நேரம் வேகவிடுவதற்கும் இஃது இன்றியமையாதது. சில அடுப்புகளோடு இது சேர்ந்தே வரும். ஆகவே பெட்டியைப் பிரித்துப் பார்த்த பின்னரே தனியே வாங்குக. வாங்குமுன் அடுப்பின் உள்விட்டத்தை அளந்துகொள்க. கல்லைச் சுற்றிலும் புகை ஏறிச் செல்ல இடைவெளி வேண்டும். சிக்கனம் கருதிக் கடற்கரைக் கல்லையோ ஓடைக் கல்லையோ இதற்கு மாற்றாக வைத்தல் கூடாது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கக் கூடும்.

ஐந்து, மீன் சுடும் கம்பிவலை. இரு புறமும் மூடித் திருப்பத்தக்க இவ்வலையை மேலை நாட்டுப் பட்டியல்கள் கடைசியில் வைக்கும். நாம் முதல் வரிசையில் வைக்க வேண்டும். ஜங்கிலிகாட் மீன்துறையிலிருந்து வஞ்சிரமும் சூரையும் சங்கராவும் வீட்டிற்கு வரும் ஊர் இது. மீனைத் தனியே தட்டில் இட்டால் தோல் ஒட்டிக்கொண்டு, திருப்பும்போது உடையும். வலையிலும் மீனிலும் எண்ணெய் தடவி, வலையை நன்கு காயவைத்து, பின்னர் மீனை இட்டால் முழுமை குலையாது.

கடைத்தெருவிலும் கொல்லையிலும் கிடைப்பவை

கப்பலுக்குக் காத்திராமல் இங்கேயே பெறத்தக்க துணைகளும் பல. தட்டைத் துலக்க விற்கும் கம்பித்தூரிகையை வாங்க வேண்டா. அதன் நுண்கம்பி உதிர்ந்து தட்டில் ஒட்டி, உணவோடு தொண்டைக்கும் குடலுக்கும் சென்று ஊறு செய்த நிகழ்ச்சிகளை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது தேங்காய் நாரால் தேய்த்தாலே போதும். தேங்காய் மிகுந்த இத்தீவில் அதற்குப் பஞ்சமில்லை.

மசாலை தடவிய மீனை வாழையிலையிற் பொதிந்து வைத்தால் தனித்தட்டு வேண்டுவதில்லை, மணமும் கூடும். வீட்டிலுள்ள வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைக் கம்பித்தட்டின்மேல் வைத்துப் பரோட்டாவும் இறால் வறுவலும் செய்யலாம். கைப்பிடி மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருத்தல் மட்டும் ஆகாது. உப்புக்காற்றில் வார்ப்பிரும்பு விரைவில் துருப்பிடிக்கும். சமையல் முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி வைப்பது நலம். இப்பணிக்கு நேரமில்லாதோர் கம்பித்தட்டை எவர்சில்வரிலேயே வாங்குக.

கரியைப் பற்றியும் ஒரு சொல். கொட்டாங்கச்சிக் கரி கடினமானது. நன்கு சுட்டதாயின் புகை குறைவு, சூடு மிகுதி. மரக்கரியாயின் பெருந்துண்டுகளைக் கீழும் சிறுதுண்டுகளை மேலும் இடுக. தூளைச் சேர்த்தால் காற்று அடைபடும். மரவேலைப் பட்டறையில் கிடைக்கும் படாக் துண்டுகளுள் மெருகெண்ணெய் பூசியவை உண்டு. அவற்றை உணவுத்தீயில் இடலாகாது. அலையாத்தி மரக்கரி என்று எவரேனும் கொண்டுவந்தால் வாங்காதிருப்பதே அறம். கடலரிப்பைத் தடுக்கும் அக்காட்டின் அருமையை 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைக் கண்ட நாம் அறிவோம்.

தீ மூட்ட மண்ணெண்ணெய் ஒருபோதும் வேண்டா. பீங்கான் நுண்துளையுடையது, எண்ணெய் நாற்றத்தை ஈர்த்துக்கொண்டு பல நாள் உணவிற் கலக்கும். தேங்காயெண்ணெயில் தோய்த்த பருத்தித் துணித்துண்டைக் கரியின் நடுவே வைத்துக் கொளுத்தினாலே பற்றும்.

மழையும் மூடுதுணியும்

இத்தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரம் ஊறிய பீங்கானில் பெருந்தீ மூட்டினால் உள்நீர் ஆவியாகி விரிசல் உண்டாகும். எனவே நீர் புகாத மூடுதுணியும் முதல் வரிசையைச் சேர்ந்ததே. அடுப்பு முற்றும் ஆறிய பின்னரே அதனைப் போர்த்துக. மேல்மூடியின் விளிம்பில் ஒட்டிய நார்ப்பட்டை நிலைபெறும் வரை, முதல் சில சமையல்களில் 180 பாகைக்கு மேல் ஏற்றாதிருப்பதும் நன்று. பதினெட்டங்குலத் தட்டுடைய அடுப்பு 70 கிலோகிராம் அளவிலும் அதற்கு மேலும் எடையுள்ளது. அதற்கேற்ற இரும்புத் தாங்கியோ கற்றளமோ வேண்டும். மரமேசையின்மேல் நேரே வைத்தல் தகாது.

இனிக் கூறுவது இல்லத்துத் தலைவரும் தலைவியரும் ஊன்றிப் படிக்கத்தக்கது. மழை வந்துவிட்டது என்று எரியும் அடுப்பை வீட்டிற்குள்ளோ, அடைத்த தாழ்வாரத்திற்கோ கொண்டு வருதல் கூடவே கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் மயக்கமும் தோன்றும். உறக்கத்தில் இருப்பவர் அதனை அறியாமலே உயிர் துறப்பர். சுடர் தெரியாத அடுப்பிலும் கங்கு இருக்கும் வரை இவ்வபாயம் உண்டு. ஒரு சன்னலைத் திறந்து வைத்தது போதும் என்று எண்ணற்க. மழை வந்தால் வாயில்களை மூடிச் சமையலை நிறுத்துக. மீனை உள்ளே வாணலியில் வறுத்துக்கொள்ளலாம்.

பின்னர் வாங்கத்தக்கவை

ரொட்டி சுடும் தனிக்கல், தானே சுழலும் சூலம், அடுக்குத் தட்டுகள், காற்றூதும் மின்விசிறி, கைப்பேசியில் சூட்டைக் காட்டும் கருவி ஆகியவை தீயன அல்ல. முதல் நாளில் வேண்டுவனவும் அல்ல. ஆறு திங்கள் சமைத்த பின், எது நம் வீட்டு உணவுக்கு உதவும் என்பது நமக்கே புலனாகும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று எனச் சேர்த்துக்கொள்வது குடும்பத்திற்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஒரே சமயத்தில் அனைத்தையும் வாங்கிப் பரணில் ஏற்றியவர் கண்ட பயன் யாதுமில்லை.

ஆகவே அன்பர்கள் பட்டியல் எழுதும்போது கையுறை, இடுக்கி, ஊசி வெப்பமானி, சாம்பல் வாரி, இரும்பு வாளி, மூடுதுணி ஆகியவற்றை முதலில் எழுதுக; பெட்டியில் இல்லையாயின் இடைக்கல்லை அடுத்து எழுதுக; மீன்வலையை மறவற்க. நாரும் இலையும் தோசைக்கல்லும் நம்மிடமே உள்ளன. பாட்டியின் கும்மட்டிக்கு விசிறியும் இடுக்கியும் எவ்வாறு போதுமாயினவோ, அவ்வாறே புதிய அடுப்புக்கும் சிலவே போதும். தீயை அடக்கியாளும் வீட்டில் விருந்தும் சிறக்கும். விருந்தினரும் குழந்தைகளும் நலமாக இருப்பர்.