முற்றுகைக்குள் ஒரு விளையாட்டு

விளையாட்டு சிறார்க்கே உரியது என்றும், அதிலும் கணினித் திரையில் ஆடும் வீடியோ விளையாட்டு பொழுதைப் பாழாக்குவது என்றும் பெரியோர் பலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. யானும் அவ்வாறு பொழுதைப் பாழாக்கியதுண்டு. ஆயினும் போர், வறுமை, ஆட்சிக் கொடுமை முதலியவற்றைப் பொருளாகக் கொண்ட விளையாட்டுகளும் உள. அவற்றுள் ஒன்றனை ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

போலந்து நாட்டு வார்சா நகரத்திலுள்ள 11 பிட் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனத்தார் 2014-ஆம் ஆண்டில் 'திஸ் வார் ஆஃப் மைன்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். போரைக் காட்டும் ஏனைய விளையாட்டுகளிற் பெரும்பாலானவற்றில் ஆடுவோன் படைவீரனாவான். பகைவரைச் சுட்டு வீழ்த்துவதே அவன் தொழில். இதிலோ அவன் பொறுப்பில் விடப்படுவோர், முற்றுகையிடப்பட்ட நகரொன்றில் இடிந்த வீட்டினுள் ஒடுங்கியிருக்கும் குடிமக்கள் சிலர். பகலில் வெளிவரின் மறைந்திருந்து சுடுவோர்க்கு இரையாவர். ஆதலின் அடுப்பமைத்தல், மழைநீர் சேர்த்தல், நோயுற்றாரைப் பேணல் என்பனவே பகற்பணிகள். இரவில் ஒருவர் மட்டும் உணவும் மருந்தும் தேடி வெளியே செல்வார். போர் என்று முடியும் என்பது ஆடுவோனுக்குத் தெரியாது.

நகரின் பெயர் கற்பனையே. எனினும் இதனை ஆக்கியோர் உள்ளத்தில் நின்றது பாஸ்னியாவின் தலைநகராகிய சரயேவோ. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, 1,425 நாள், அந்நகர் முற்றுகையில் இருந்தது. சுற்றிலுமுள்ள மலைகளினின்று பீரங்கிக் குண்டுகள் பொழிந்தன. தண்ணீரும் மின்சாரமும் அற்று மக்கள் வருந்தினர். பூங்காக்களின் மரங்களை வெட்டிக் குளிர் காய்ந்தனர்; வீட்டுப் பொருள்களையும் நூல்களையும் எரித்தோர் உண்டு.

விளையாட்டிலும் நூல்கள் கிடைக்கின்றன. அவற்றைக் கணப்பிலிட்டுக் குளிர் போக்கலாம். எரிக்காது வைத்துப் படிப்பின் சோர்ந்த உள்ளம் சிறிது தேறும். இலக்கியம் பயிலும் எனக்கு இவ்விடம் எளிதாக இல்லை. சில நாள் காத்தேன். உடனிருந்தோர் குளிரால் நோயுற்றபோது எரித்தேன்.

ஆனால் என்னை உறங்கவொட்டாது செய்தது வேறொன்று. நகரின் ஒரு வீட்டில் முதிய கணவனும் மனைவியும் தனித்து வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் உணவும் மருந்தும் இருந்தன. என் வீட்டில் ஒருவர் நோயால் மெலிந்து கிடந்தார். எடுத்தேன். முதியவர் எதிர்த்துப் போரிடவில்லை. எடுக்க வேண்டாவென்று இரந்தார். அதற்காக மதிப்பெண் ஏதும் குறையவில்லை, தண்டனையும் வரவில்லை. ஆனால் களவு செய்தவர் வீடு திரும்பியபின் துயருற்று நடை தளர்ந்தார். துயர் முற்றின் இவர்கள் ஏவியதைச் செய்யார், எழுந்தும் வாரார். கதையிலும் நாடகத்திலும் பிறர் செய்த பிழைக்கு நாம் வருந்துகின்றோம். ஈண்டுப் பிழை செய்தது என் விரல்.

ஆவூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியைக் கோவூர் கிழார் இடித்துரைத்த புறநானூற்றுப் பாட்டை வகுப்பிற் படித்திருக்கின்றோம். உள்ளே பாலின்றி அழுத குழந்தைகளை அப்புலவர் மறக்கவில்லை. ஆனால் அவர் பேசியது வாயிலைத் திறக்கவல்ல அரசனிடம். இவ்விளையாட்டு நம்மை வைப்பது அக்குழந்தைகளின் வீட்டில்.

இவ்வகையில் மற்றொன்று, லூகாஸ் போப் என்பார் 2013-இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. இதில் ஆடுவோன் கொடுங்கோல் நாடொன்றின் எல்லைச்சாவடியில் ஆவணம் சரிபார்க்கும் அலுவலன். கணவனின் தாள்கள் சரியாயுள்ளன. பின்வரும் மனைவியிடம் நுழைவுச்சீட்டு இல்லை. திரும்பினால் கொல்லப்படுவேன் என்கின்றாள். விதிமீறல் மிகுந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் அவன் வீட்டில் உணவில்லை, கணப்புமில்லை.

போலந்து அரசு 2020-ஆம் ஆண்டில் 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டைப் பள்ளிப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. கட்டாயமன்று, 18 வயது நிரம்பியோர்க்கே உரியது. நூல்களோடு ஒரு விளையாட்டு ஒரே பட்டியலில் நிற்பதைக் கண்டு முகஞ்சுளிப்போர் நம் கல்லூரியிலும் இருக்கலாம்.

இதில் ஒரு குறை உண்டு. தோற்றவன் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். சரயேவோவில் அது இயலாது. யானும் மறுமுறை தொடங்கினேன். அம்முறை அம்முதியோர் வீட்டுப்பக்கமே செல்லவில்லை. என் வீட்டிலிருந்த ஒருவர் மருந்தின்றி இறந்தார்.