ஐஸ்பெட்டிக் கதவில் என் கை

இருபத்தெட்டு வருஷம் கிள்ளான் வட்டாரத்தில் அரசாங்க மிஸ்ஸியாக (நர்ஸாக) வேலை பார்த்தேன். பதினெட்டாம் மாத ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்களிடம் ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாளைக் கொடுப்போம். மூன்று வயதில் மறுபடியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? மற்றப் பிள்ளைகளிடம் போகிறதா? எதையாவது காட்ட விரலை நீட்டுகிறதா? "ஆமா மிஸ்ஸி, ஆமா" என்று டிக் விழும். வெளியே நம்பரோடு கூட்டம் காத்திருக்கும். நானும் அவசரப்படுத்தியிருக்கிறேன்.

என் பேரனுக்கு அந்தத் தாளை நிரப்பும்போது மகள் ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"விரல நீட்டிக் காட்டுறானாம்மா?"

"காட்டுவான், போடு. ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் வரும். உங்க மாமா நாலு வயசுலதான பேசுனாரு."

அவனுக்குப் பால் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையை ஐஸ்பெட்டிக் கதவில் வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். என் கை அவனுக்குச் சாவி மாதிரி. எனக்கு அது செல்லமாகப் பட்டது. ஊரார் பிள்ளையாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன்.

விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. "அது வேணும்" என்று நீட்டுவது ஒன்று. ஆகாயத்தில் விமானம் போகும்போது விரலை நீட்டிவிட்டு, நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதில் பிள்ளைக்கு எதுவும் வேண்டாம். நீங்களும் பார்த்தால் போதும். ஆட்டிசத்தில் சீக்கிரமே தெரியும் குறைகளில் இதுவும் ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் மூன்று வயது வரை ஒரு சொல் பேசவில்லை. ஆனால் லோரி வந்தால் கையைக் காட்டுவான், என்னைப் பார்ப்பான், தலையாட்டுவான், கோபம் வந்தால் முகத்தாலேயே திட்டுவான். அது பேச்சுத் தாமதம். இப்போது அவன் வாயை மூட ஆள் தேவை.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிப்பார்கள். 1943இல் பால்டிமோரில் லியோ கானர் என்ற டாக்டர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் ஆட்டிசம் தனியாக அறியப்பட்டது. அந்தப் பிள்ளைகளிலும் சிலரைச் செவிடு என்றே முதலில் நினைத்திருந்தார்கள். என் பேரனும் பெயருக்குத் திரும்ப மாட்டான். முறுக்குப் பாக்கெட் சரசரத்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான். அதை வைத்து நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. சில ஓசை மட்டும் கேட்காத காதும் உண்டு.

ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) பிள்ளையோடுதான் குழப்பம் அதிகம். அந்தப் பிள்ளைக்குக் கூட்டாளிகள் வேண்டும், விளையாட்டும் புரியும். தன் முறை வரும்வரை பொறுக்கத்தான் முடியாது. என் பேரனுக்கு முறை என்ற சங்கதியே புரியவில்லை. ஆனால் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பான். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். 2013 வரை அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இரண்டு பெயரையும் சேர்த்து எழுத விடவில்லை. அதனால் பழைய ஃபைல்களை அப்படியே நம்பாதீர்கள். அறிவு வளர்ச்சிக் குறைவில் நடை, பேச்சு, படிப்பு எல்லாமே பொதுவாக ஒன்றுபோல் பின்தங்கும். ஆட்டிசம் மேடு பள்ளமாக இருக்கும். என் பேரன் மூன்று வயதில் கார் நம்பரெல்லாம் வாசித்தான். சட்டைப் பொத்தான் போட ஏழு வயதானது. இதுவும் எல்லாருக்கும் பொருந்தாது, இரண்டும் சேர்ந்தும் வரும்.

தமிழில் ஆட்டிசத்துக்கு "மன இறுக்கம்" என்று பெயர் வைத்தவர் யாரோ! கேட்டவுடன், "ஏன், பிள்ளைக்கு என்ன கவலை?" என்கிறார்கள்.

"அந்த ஊசியாலதான மிஸ்ஸி?" என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஊசி போட்ட கை இது. 1998இல் 'லான்செட்' இதழில் அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய கட்டுரையை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிகுறி கண்ணில் படும் வயதும் ஊசி போடும் வயதும் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் "வர்ச்சுவல் ஆட்டிசம்" எந்த மருத்துவக் கையேட்டிலும் இல்லை. நாளெல்லாம் ஃபோனைக் கொடுத்தால் பேச்சு பிந்தலாம். ஃபோன் ஆட்டிசத்தை உண்டாக்காது.

பேரனுக்கு ஆட்டிசம் என்று உறுதியான பிறகும் ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டு எடுக்க மகள் ஒரு வருஷம் மறுத்தாள், முத்திரை குத்திவிடுவார்கள் என்று. அந்தக் கார்டில் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், ஏடிஎச்டி எல்லாம் "மசாலா பெம்பெலாஜாரான்" (கற்றல் சிக்கல்) என்ற ஒரே பிரிவில்தான் வரும். வித்தியாசத்தை நாம்தான் ஒவ்வோர் ஆசிரியரிடமும் வாயால் சொல்லியாக வேண்டும்.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் கொமுட்டர் ஏறி பிரிக்பீல்ட்ஸில் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம் என்று ரயில் அறிவிப்பின் குரலிலேயே ஒப்பிப்பான். "பேச்சு வந்துருச்சே, இனி என்ன?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். தாகம் என்று சொல்ல இன்னும் தெரியாது.

1951இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. நடைபாதையில் அவர்களுக்காக மஞ்சள் புடைப்புக் கோடு பதித்திருக்கிறார்கள். இவன் அந்தக் கோட்டை விட்டு இறங்க மாட்டான். போன மாதம் எதிரே ஒரு பெரியவர் வெள்ளைக் கோலோடு வந்தார். கோல் இவன் சப்பாத்தில் தட்டியது.

"யாரு?" என்றார்.

"கேஎல் சென்ட்ரல்" என்றான்.

அவர் சிரித்துவிட்டார். "சரி தம்பி, நான் சுத்திப் போறேன்" என்று கோட்டை விட்டு இறங்கி நடந்தார்.