படிக்கட்டின் இலக்கணம்

நாள்தோறும் ஏறியும் இறங்கியும் நாம் கருத்தூன்றிப் பாராத பொருள்களுள் ஒன்று படிக்கட்டு. மாடிக்குச் செல்பவர் மாடியை நினைக்கிறார். இறங்கி வருபவர் வாயிலை நினைக்கிறார். படியை நினைப்பவர் அதில் தடுக்கி விழுந்தவர் மட்டுமே. அவ்வாறு விழுந்த மாணவி ஒருத்தியாலேயே நானும் படிக்கட்டைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினேன். அந்நிகழ்ச்சியைப் பின்னர்க் கூறுவேன்.

பழைய கண்டி இராச்சியத்துக் குடிமக்களின் வீடுகளுக்குப் படிக்கட்டே வேண்டியிருக்கவில்லை. 1660 ஆம் ஆண்டிலே சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்விராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலில் இதன் காரணத்தைக் குறிப்பிடுகிறார். ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டவும், கூரைக்கு ஓடு வேயவும், சுவருக்கு வெள்ளை பூசவும் குடிமக்களுக்கு அனுமதி இல்லை என்கிறார் அவர். மாடி என்பது அரசரோடும் ஆலயத்தோடும் சேர்ந்த சிறப்பாயிருந்தது. தலதா மாளிகையிலே புனித தந்தம் மேல்தளத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. 1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமான பின்னர், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக மாடிக் கட்டடங்கள் பெருகின. மரப்படிக்கட்டும் பொதுமக்களின் உடைமையாயிற்று.

ஆயினும் மரத்தை மரத்தோடு பொருத்தும் கலை இப்பகுதிக்குப் புதிதன்று. கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தின் கூரையிலே 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கூடுவதை இன்றும் காணலாம். நல்ல படிக்கட்டும் அவ்வாறே இரும்பாணியைவிடப் பொருத்தையே நம்பி நிற்கிறது.

இனி அதன் உறுப்புகளைப் பார்ப்போம். நாம் கால் வைக்கும் கிடைப்பலகை மிதிபலகை. ஒரு மிதிபலகைக்கும் அடுத்ததற்கும் இடையே நிமிர்ந்து நிற்பது நிமிர்பலகை. இரண்டையும் இருபுறமும் தாங்கிச் சாய்வாகச் செல்வன பக்கப்பலகைகள். கீழேயும் மேலேயும் நிற்கும் பருத்த கம்பங்கள், கைப்பிடியைத் தாங்கி முழு அமைப்பையும் இறுக்கிப் பிடிக்கின்றன. கைப்பிடிக்குக் கீழுள்ள கிராதிக் கால்களின் இடைவெளி நான்கு அங்குலத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. இல்லையேல் குழந்தையின் தலை அதனுள் நுழைந்துவிடக்கூடும்.

பக்கப்பலகையின் உட்புறத்தே தச்சர் அரை அங்குல ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுகிறார். முன்னே ஒடுங்கியும் பின்னே அகன்றும் இருக்கும் அப்பள்ளத்தில் மிதிபலகையைச் செருகி, அடிப்புறத்திலிருந்து பசை தடவிய ஆப்பை அறைகிறார். ஆப்பு இறுக இறுகப் பலகை அசைவற்றதாகிறது. மிதிக்கும்போது படி கிறீச்சிட்டால், பெரும்பாலும் ஆப்புத் தளர்ந்துவிட்டது என்பதே பொருள். ஈரம் உலராத மரத்திற் செய்த படிக்கு இந்நோய் விரைவில் வரும். மரம் உலர்ந்து சுருங்க, ஆப்பும் நெகிழ்ந்துவிடும். மரத்தின் இழையோட்டமும் ஒரு பக்கப்பலகையிலிருந்து மறு பக்கப்பலகையை நோக்கி ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் பலகை பாரத்தில் பிளக்கும்.

மழை மிகுந்த நம் மலைநாட்டிலே ஈரமும் கறையானும் மரத்துக்குப் பெரும்பகை. கண்டிக்கு அருகேயுள்ள மெதவெல தம்பிட்ட விகாரையைக் கட்டியோர், மரத்தளத்தை மண்ணிற் படவிடாது கற்கால்களின் மேல் ஏற்றி வைத்தனர். படிக்கட்டின் அடியையும் அவ்வாறே கல்லின் மேல் இருத்துவதே அறிவுடைமை.

உறுப்புகளினும் முதன்மையானது அளவு. பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டுக் கட்டடக்கலை ஆசான் பிரான்சுவா புளொண்டெல் ஒரு விதி வகுத்தார். காலை மேலே தூக்குவது, அதே தூரம் முன்னே வைப்பதைப்போல் இருமடங்கு உழைப்பு என அவர் கொண்டார். ஆகவே படியின் உயரத்தை இரட்டித்து அதன் அகலத்தோடு கூட்டினால், தட்டையான நிலத்தில் நாம் வைக்கும் ஓரடி நடையின் அளவு, அதாவது ஏறத்தாழ 24 அங்குலம், வரவேண்டும் என்றார்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையே பத்தடி ஆறங்குலம், அதாவது 126 அங்குலம், உண்டெனக் கொள்வோம். 18 ஏற்றங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 7 அங்குலம். இரட்டித்தால் 14, மிதியின் அகலம் 10, கூட்டினால் 24. கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிவதால் மிதிபலகைகள் 17 போதும். அவை 170 அங்குல நீளத்தைக் கொள்ளும்.

இங்கேதான் நான் கூற வந்த நிகழ்ச்சி பொருந்துகிறது. முன்னொருகால் நான் பணியாற்றிய பாடசாலை ஒன்றிலே பழைய மரப்படிக்கட்டு ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் பிள்ளைகள் ஓடி இறங்கியும் எவரும் விழுந்ததில்லை. பின்னர்க் கீழ்த்தளத்துக்குப் புதிதாகச் சீமெந்து இட்டார்கள். தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. அடுத்த வாரமே, இறங்கி வந்த மாணவி ஒருத்தி கடைசிப் படியில் நிலைதடுமாறி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். ஓடியதே குற்றம் என்று நானும் அவளைக் கடிந்துகொண்டேன். சில நாளில் மற்றொரு பிள்ளை அதே இடத்தில் விழவே, முதிய தச்சர் ஒருவரை அழைத்தேன். அவர் எதையும் கேளாமல் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு படியாக அளந்தார். பதினேழு ஏற்றங்கள் ஏழங்குலம். அடியிலிருந்தது மட்டும் ஐந்தரை. “பிள்ளையின் கண் பார்க்காததைக் கால் கணக்கு வைத்திருக்கிறது, ஐயா. கணக்கு மாறியது கீழே, பழி விழுந்தது பிள்ளைமேல்,” என்றார். நான் நாணமுற்றேன். அம்மாணவியிடம் சென்று, பிழை அவளுடையதன்று என்று கூறினேன்.

நேயர்களே, ஒரு படிக்கட்டிலே எல்லாப் படிகளும் சிறிது உயரமாயிருந்தால் கால் களைக்கும், அவ்வளவே. ஒரு படி மட்டும் மாறுபட்டால் ஆள் விழுவார். புதுத் தரை இடுமுன் படியையும் எண்ணிப் பாருங்கள். இன்று உங்கள் வீட்டுப் படிகளை ஒருமுறை அளந்து பாருங்கள். முதற்படியையும் கடைசிப் படியையும் மறவாது அளவுங்கள். பெரும்பாலும் பிழை ஒளிந்திருப்பது அவ்விரண்டிலேதான்.