தாராவியில் தூவிய வண்ணங்கள்

திரையில் தாராவி தோன்றும்போது நம்மவர் கண்கள் இருமடங்கு கூர்மை பெறுகின்றன. மாட்டுங்கா அரோரா அரங்கில் தமிழ்ப் படங்கள் கண்டு வளர்ந்த குடும்பங்கள் அல்லவா நாம்! இது எந்தச் சந்து, இந்தத் தகரக் கூரை மெய்யானதா என்று ஆராயாதிருக்க நம்மால் இயலாது. 1987-இல் வெளிவந்த 'நாயகன்' படத்தின் தாராவி, தோட்டா தரணி சென்னையில் எழுப்பியது. 2018-இல் வந்த 'காலா'வுக்கும் சென்னையிலேயே பெரும் அரங்கு அமைத்தனர். ஆயினும் 'காலா'வின் இறுதிக் காட்சியில் அந்த ஆராய்ச்சியை நாம் அடியோடு மறந்தோம்.

அக்காட்சிக்குரிய வித்தை இயக்குநர் பா. ரஞ்சித் தொடக்கத்திலேயே ஊன்றிவிடுகிறார். நிலத்தைக் கவர வரும் ஹரி தாதாவின் (நானா படேகர்) உடையும் வெள்ளை, இல்லமும் வெள்ளை. தூய்மை என்பது அவர் ஓயாது பேசும் பேச்சு. எதிரே ரஜினிகாந்த் கறுப்பு உடுத்தி நிற்கிறார். தீயவனுக்கே கறுப்பு உடுத்திப் பழகிய திரையுலகில் இது துணிவான மாற்றமே.

காலாவின் வீட்டுக்கு வரும் ஹரி, கொடுத்த தண்ணீரைப் பருகாமலே எழுந்து செல்கிறார். அதற்கு விளக்கவுரை எதற்கு? பருகாது விட்ட தண்ணீரின் பொருளை ஊரிலேயே அறிந்துகொண்டு இரயிலேறியவர் நம் பாட்டனார்.

இராமாயண வாசிப்பின் நடுவே காலாவை இராவணனாகக் காட்டும் பகுதி அத்துணை வலுவுடையதன்று என்பது நம் கருத்து. அங்கே கண் உணருமுன் காது கேட்டுவிடுகிறது.

முடிவில், நிலம் தமதாயிற்று என்று ஹரி வருகிறார். கூட்டத்திலிருந்து கறுப்புப் பொடி பறக்கிறது. பின்னர்ச் சிவப்பு, அதன்பின் நீலம். பெரியாரையும் பொதுவுடைமையையும் அம்பேத்கரையும் பெரியவர்கள் அதில் கண்டனர். சிறுவர்க்கோ அவை தெரியவேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் கறைபடாதிருந்த வெள்ளைச் சட்டை கறைபட்டது, அதுவே போதும்.

திரைக்கு வெளியே, தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022-இல் அதானி குழுமம் வென்றது. 2024-இல் கணக்கெடுப்புத் தொடங்கி, வீடுதோறும் எண் இடப்பட்டது. தாராவியிலேயே வீடு யாருக்கு, வெளியே யாருக்கு என்பது அக்கணக்கைப் பொறுத்தது. உறவினர் இல்லத்துக்குச் செல்கையில், வாயிற்கோலத்துக்கு முன் நம் கண் தேடுவது அந்த எண்ணைத்தான்.