செயலாளர் மாறினால் கணக்கும் போச்சா? கல்லூரி மாணவர் அமைப்புகளுக்கு இணையப் பதிவேடு ஏன் தேவை?

தமிழ் மன்றம், என்.எஸ்.எஸ்., மாணவர் பேரவை... எந்த அமைப்பாக இருந்தாலும் உறுப்பினர் பட்டியல் ஒருத்தர் செல்போனில் இருக்கும், வரவு செலவு இன்னொருத்தர் எக்செல் ஷீட்டில் இருக்கும். அவங்க படிப்பை முடித்துக் கிளம்பிவிட்டால்? அடுத்து வருபவர் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

புதுச்சேரிக்கு ஏன் முக்கியம்?

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என 4 பகுதிகள் சேர்ந்ததுதான் இந்த யூனியன் பிரதேசம். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவுக்குள். 1985-ல் உருவான புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 4 பகுதிகளிலும் கல்லூரிகள் உள்ளன. காலாப்பட்டில் இருக்கும் நோட்டை மாஹே மாணவர் புரட்ட முடியாது. இணையதளம் என்றால் அங்கிருந்தே பார்க்கலாம்.

240 மணி நேரக் கணக்கு

என்.எஸ்.எஸ். சான்றிதழுக்கு 2 ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவையும், 7 நாள் சிறப்பு முகாமும் முடிக்க வேண்டும். வருகைப் பதிவு தொலைந்தால், செய்த வேலைக்கு ஆதாரமே இருக்காது.

தேர்தல் செலவுக்கும் இதே நிலைதான். 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழு பரிந்துரைப்படி, மாணவர் தேர்தல் வேட்பாளர் ரூ.5,000-க்கு மேல் செலவு செய்யக் கூடாது. முடிவு வந்த 2 வாரத்துக்குள் கணக்கு தர வேண்டும்.

யாருக்கு என்ன தெரிய வேண்டும்?

வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தாலே உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாணவிகளுக்கு இது பெரிய தலைவலி. இணையப் பதிவேட்டில் இதைப் பிரிக்கலாம்:

* உறுப்பினர்: தன் விவரம், தன் வருகை மட்டும்
* பொருளாளர்: வரவு செலவு மட்டும்
* செயலாளர்: உறுப்பினர் பட்டியல், நிகழ்ச்சிகள்
* பொறுப்பு ஆசிரியர்: எல்லாம் பார்க்கலாம், ஒப்புதல் தரலாம்

2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை. முதலாம் ஆண்டில் 17 வயது மாணவர்களும் இருப்பதால், படிவத்திலேயே இதற்கு இடம் விட வேண்டும்.

கவனிக்க வேண்டியது என்ன?

ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பயன்படுத்தினால் யார் எதை மாற்றினார் என்றே தெரியாது. ஆளுக்கு ஒரு லாகின் வேண்டும். ஆனால் அதிகாரம் ஆளுக்கு இல்லை, பதவிக்குத்தான். பதவிக்காலம் முடிந்த அன்றே அது அடுத்தவருக்குப் போக வேண்டும், பழைய கணக்கு அப்படியே இருக்க வேண்டும். இந்த ஒன்று சரியாக இல்லை என்றால், மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் அடுத்த ஆண்டும் அதே கதைதான்.