காய்ச்சல் இல்லாமலும் ஃப்ளூ வரும்: வீட்டுப் பெரியவர்களைக் கவனிப்போம்



2025 ஜனவரி முதல் வாரத்தில் எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் ஹெச்.எம்.பி.வி. என்ற பேச்சாகவே இருந்தது. தமிழ்நாட்டில் அப்போது இருவருக்கு அது உறுதியானது. ஒருவர் சென்னையைச் சேர்ந்தவர். மற்றவர் நம் பக்கத்துச் சேலத்தைச் சேர்ந்த 69 வயதுக்காரர், ஏற்கெனவே வேறு நோய்கள் உள்ளவர். அந்த வாரம் முகக்கவசம் கேட்டு நம் அலுவலகத்துக்குப் பலர் வந்தார்கள். பத்து நாளில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் அது புதிய கிருமி அல்ல. 2001இலேயே நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. ஃப்ளூ, ஆர்.எஸ்.வி., கொரோனா ஆகியவற்றோடு சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் மழை, பனிக் காலங்களில் நம்மிடையே வந்துபோவதுதான். இளைஞர்களுக்கு நான்கு நாள் சளி. அதே கிருமி அறுபதைத் தாண்டியவருக்குள் போனால் கதை வேறு.

போன பனிக்காலத்தில் நம் மஹல்லாவில் ஒரு தாதிமா ஃபஜ்ருக்கு எழவில்லை. காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. சாப்பாடு வேண்டாம் என்றார், பேத்தியைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது என்றார்கள் சிலர், நஸர் என்றார்கள் சிலர். ஓதி ஊதவும் செய்தார்கள், அதில் தவறில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் விரலில் கருவியை மாட்டியபோது ஆக்ஸிஜன் 84. இரண்டு நாளில் வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆயுள் அல்லாஹ்வின் கையில். தாமதம்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021இல் கொரோனாவின்போது டிரஸ்ட் வாங்கிய ஆக்ஸிமீட்டர்கள் அன்றைக்கு எங்கள் பீரோவில் பூட்டிக் கிடந்தன.

காய்ச்சல் என்பது கிருமியோடு உடல் நடத்தும் சண்டையின் சூடு. வயதானவரின் உடலில் அந்தப் படை தளர்ந்திருப்பதால் சூடு ஏறாமலே நுரையீரல் பாதிக்கப்படலாம். இருமிச் சளியைத் தள்ளும் பலமும் குறைவு. அதனால் திடீர்க் குழப்பம், நடக்கும்போது தடுமாற்றம், காரணமில்லாத அசதி ஆகியவைதான் பல நேரம் முதல் அடையாளம். இன்னொன்று, ஃப்ளூ நெஞ்சையும் தொடும். 2018இல் வெளிவந்த கனடா ஆய்வு ஒன்றில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வருவது மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. சர்க்கரை, பிரஷர், வீசிங் உள்ளவர்கள், பல ஆண்டு பீடி குடித்தவர்கள், விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்கள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை. சளி குறைந்து தெளிந்தவர் மறுபடி காய்ச்சலோடு படுத்தால் நிமோனியா சேர்ந்திருக்கக்கூடும். அதை விட்டுவைக்கவே கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். அது வைரஸைக் கொல்லாது. ஃப்ளூவுக்கென்று ஒசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. டாக்டர் எழுதித்தான் தர வேண்டும், அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பார்ப்போம், பார்ப்போம் என்று போக்கும் இரண்டு நாள்தான் அந்த 48 மணி நேரம்.

ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் மாறுகிறது. பயப்படுகிறவர்கள் ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 65 வயதைக் கடந்த பயணிகளுக்குப் போடுவது இதே ஊசிதான். மழைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள், பலன் தர இரண்டு வாரம் ஆகும்.

சளி இருப்பவர் பள்ளிக்கு வராமல் வீட்டில் தொழுவது ஈமான் குறைவு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூண்டு, வெங்காயம் தின்ற வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் அறிவோம். வாடைக்கே அப்படியென்றால், பக்கத்து ஸஃப்பில் நிற்கும் எழுபது வயதுக்காரருக்கு நோயைக் கொடுப்பதை என்ன சொல்வது? தும்மும்போது அவர்கள் கையாலோ துணியாலோ முகத்தை மூடிக்கொண்டதும் ஹதீஸில் வருகிறது. முஸாஃபஹா, முஆனகாவை நலமாகும்வரை தள்ளிப்போடலாம், ஸலாம் போதும். ஒரே ஸஹனில் சாப்பிடுவதும் அப்படியே. ரமளானில் நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யும் சலுகையை குர்ஆனே தருகிறது.

ஆக்ஸிமீட்டர்கள் இப்போது பீரோவில் இல்லை. அஸருக்குப் பின் இஷா வரை டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் எழுதி எடுத்துச் செல்லலாம், கட்டணம் கிடையாது. இரவில் தேவைப்பட்டால் முஅத்தினிடம் ஒன்று இருக்கும். அடர்ந்த மருதாணி பூசிய விரலில் அளவு சரியாக விழாமல் போகலாம், வேறு விரலில் வையுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பின் பாருங்கள். 94க்குக் கீழே வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியாவிட்டாலோ 108ஐ அழையுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போய்விடுவது நல்லது. துணைக்கு ஆள் இல்லாத வீட்டார் எந்த நேரமும் எங்களைக் கூப்பிடலாம், டிரஸ்டின் இளைஞர்கள் இருவர் முறை வைத்துத் தயாராக இருக்கிறார்கள்.