மூன்றாம் செயலரிலிருந்து தூதர் வரை

இந்தியத் தூதராக விரும்புபவர் எழுதுவதும், மாவட்ட ஆட்சியராக விரும்புபவர் எழுதும் அதே யூ.பி.எஸ்.சி. தேர்வைத்தான். தரவரிசையும் விருப்பமும் கூடிவந்தால் இந்திய வெளியுறவுப் பணி, அதாவது ஐ.எஃப்.எஸ். கிடைக்கும். முசூரியில் அடிப்படைப் பயிற்சி. பிறகு டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம்.

அடுத்து ஒரு அயல்மொழி ஒதுக்கப்படும். அரபு, சீனம், ஸ்பானிஷ் என எதுவும் வரலாம். அம்மொழி வழங்கும் நாட்டுக்கு மூன்றாம் செயலராகப் போய், மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். பலருக்குப் பிற்காலப் பாதையே இங்கேதான் பிரிகிறது. 1977-இல் சேர்ந்த எஸ். ஜெய்சங்கருக்கு வாய்த்தது ரஷ்ய மொழி. முதல் பணியிடம் மாஸ்கோ.

இரண்டாம் செயலர், முதல் செயலர், ஆலோசகர் என்று பதவி உயரும். சில ஆண்டுகள் வெளிநாடு, சில ஆண்டுகள் டெல்லி என்று மாறி மாறி ஓடும் வாழ்க்கை இது. விருந்துகளும் கைகுலுக்கல்களும்தான் வெளியே தெரியும். விசா விண்ணப்பம், பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் பயணி, அயல்நாட்டுச் சிறையிலிருக்கும் இந்தியர், ஊருக்கு அனுப்ப வேண்டிய உடல் ஆகியவையும் இதே வேலைதான்.

தூதர் பதவியை இந்தியா மட்டும் முடிவுசெய்ய முடியாது. பெயரை முன்கூட்டியே ரகசியமாகத் தெரிவித்து, ஏற்கும் நாட்டின் சம்மதத்தைப் பெற வேண்டும். மறுத்தால் அந்நாடு காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. சம்மதம் வந்த பின், அந்நாட்டுத் தலைவரிடம் நியமனப் பத்திரத்தை நேரில் அளிக்க வேண்டும். காமன்வெல்த் நாடுகளில் இதே பதவிக்கு ஹைகமிஷனர் என்று பெயர்.

பெண்களுக்கு இந்தப் பாதை எளிதாகத் திறக்கவில்லை. சென்னையில் படித்த குடகுப் பெண் சி.பி. முத்தம்மா 1949-இல் சேர்ந்தபோது, திருமணம் செய்துகொண்டால் வேலையை விடுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார். அப்பதவியை எட்டிய முதல் பெண் ஐ.எஃப்.எஸ். அதிகாரி அவர்தான். ஆனாலும் அடுத்த பதவி உயர்வு மறுக்கப்பட, உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. அதனால் மனு தள்ளுபடியானது. ஆனால் 1979 தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் திருமண விதிகளைக் கடுமையாகச் சாடினார். முத்தம்மா கடைசியாகப் பணியாற்றியது நெதர்லாந்தில், தூதராக.